சைப்ரோஸ் அக்கா காதில் விழுந்த பெயர்

ஒன்பது வருடத்தில் சைப்ரோஸ் அக்கா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டை இதில் சேர்க்காதீர்கள். அங்கேயும் அவள் உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது, தொற்றிக்கொண்டு வந்தாள். பாஸ்டர் எல்கானா பிரசங்கம் செய்யும்போது சபையின் பின்சுவர் ஓரமாக நிற்பாள். கஞ்சியையும் நின்றபடியேதான் குடிப்பாள். "உக்காந்து குடிங்கக்கா, கஞ்சி எங்கேயும் ஓடிடாது" என்று சமையல்காரி சொன்னால், "கஞ்சி ஓடாது. புள்ளைங்க ஓடிடும்" என்பாள்.

எங்கள் கிசுமு நகரத்தின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் சபை நடத்தும் பகல் வீட்டில்தான் அவளுக்கு வேலை. தெருவில் கிடக்கும் பிள்ளைகள் காலையில் வருவார்கள், போதைக்கு முகரும் பசை பாட்டிலை வாசலில் கொடுத்துவிட்டுக் குளித்து, கஞ்சி குடித்து, நாலு எழுத்துப் படித்துவிட்டுப் போவார்கள். கஞ்சி ஊற்றவும் பாட்டுச் சொல்லித்தரவும் வேறு ஆட்கள் உண்டு. எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்து, கொண்டுபோய்ச் சேர்ப்பது அக்காவின் வேலை. அவளைச் சுமந்துகொண்டு அலைவது என் வேலை. என் பெயர் செபுலோன், வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். குடைக்கம்பியால் என் விலாவில் ஒரு குத்து விட்டால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு குத்து விட்டால் வலப்பக்கம். "நான் என்ன கழுதையாக்கா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "கழுதைன்னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் தம்பி" என்றாள்.

தெருப்பிள்ளைகள் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். அடி விழுந்த வீட்டை யார் சொல்வார்கள்? ஆனால் எங்கள் லுவோ இனத்துப் பெயர்கள் வாயாடிப் பெயர்கள். இரவில் பிறந்தவன், மழையில் பிறந்தவன் என்று பெயரே எல்லாவற்றையும் உளறிவிடும். இரட்டைப் பெண் குழந்தைகளில் முதலில் வந்தவள் அபியோ, அவசரக்காரி. அடுத்தவள் அடோங்கோ, பின்தங்கியவள். அவர்களுக்குப் பிறகு பிறக்கும் பையன் ஒகெல்லோ. ஒகெல்லோ என்று ஒருவன், தனக்கு முன்னால் வீட்டில் யாருமே பிறக்கவில்லை என்று அக்காவிடமே அளந்தான். "இரட்டைப் புள்ளைங்களத் தள்ளிவிட்டுட்டுத்தான் நீ பொறந்தியா? யாருகிட்ட காது குத்தற?" என்று அவன் காதைப் பிடித்தாள். நான்காம் நாள் அவன் வீட்டில் உகாலிக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெயர் வித்தையே அவளைக் கவிழ்க்கும் என்று யார் கண்டார்கள்.

மார்ச் மழை தொடங்கிய வாரம். கெரிச்சோ ஊருக்குப் போகும் பஸ்கள் நிற்கும் இடத்தில், பொரித்த மண்டாசி விற்கும் தள்ளுவண்டிக்கு அடியில், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று காய்ச்சலில் கிடந்தது. பெரிய பிள்ளைகள் அதன் உடுப்பைக் கழற்றிக்கொண்டு, முழங்கால் வரை தொங்கும் ஒரு பனியனை மாட்டிவிட்டிருந்தார்கள். அக்கா குனிந்து, "யாருடா கண்ணு நீ?" என்றாள். குழந்தை விக்கி விக்கி அழுதது. விக்கலுக்கு நடுவே ஒரு சொல் வந்தது.

"அடோங்கோவா?" என்றாள் அக்கா. குழந்தை தலையாட்டியது.

அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவளுடைய முழுப் பெயர் சைப்ரோஸ் அடோங்கோ. அவளுக்கும் ஓர் அபியோ இருந்தாள். ஏழு வயதில் அம்மையில் போய்விட்டாள். "எங்கம்மா சாகற வரைக்கும் ரெண்டு பேர் பேரையும் சேத்துத்தான் கூப்பிட்டா தம்பி. நான் ஒருத்திதான் போய் நிப்பேன்" என்று ஒருமுறை வண்டியில் போகும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

"அபியோ எங்கடா?" என்று அடுத்துக் கேட்டாள். குழந்தை விரலை நீட்டி கெரிச்சோ பஸ்ஸைக் காட்டியது. அவ்வளவுதான், அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. அந்தச் சாலையில் எங்கோ ஒரு வீட்டில் ஓர் அபியோ தன் மறுபாதியைத் தேடி அழுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். பதிவேட்டில் அடோங்கோ என்று எழுதினாள்.

மூன்று வாரம் என்னை வாட்டி எடுத்தாள். அஹேரோவின் நெல் வயல்கள், அவாசி, முஹொரோனி கரும்புக்காடு எல்லாம் அலைந்தோம். பதினோரு அபியோக்களைக் கண்டுபிடித்தோம். எல்லோருக்கும் அவரவர் அடோங்கோ பக்கத்திலேயே இருந்தாள். ஓர் அபியோவுக்கு எழுபது வயது, பல்லில்லை. நாங்கள் பெண் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "இவன் வேணாம், ஒல்லியா இருக்கான்" என்றாள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு ராத்தூக்கம் போய்விட்டது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

குழந்தையோ பேசுவதே இல்லை. அடோங்கோ என்றால் தலையாட்டும், கஞ்சி வாங்கும். ஆனால் தினமும் பிற்பகலில் வேலியைத் தாண்டி ஓடி, கெரிச்சோ பஸ் நிற்கும் இடத்தில் உள்ள இரும்புக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். "பசைக்கு ஓடுது" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிள்ளைகள் நல அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் என்று ஒன்று அவர் தலைமேல் இருந்தது. "வெள்ளிக்கிழமை காலையில வண்டி வரும். அதுக்குள்ள வீடு கெடைக்கலேன்னா தூரத்துல இருக்கற விடுதிக்கு அனுப்பிடுவோம். அங்க போனா அப்புறம் தேடறது கஷ்டம்" என்றார். அக்கா வெளியே வந்து வண்டியில் ஏறி என் விலாவில் குத்தினாள்.

வியாழக்கிழமை காலை முழுக்க அலைந்துவிட்டு, பிற்பகலில் வெறுங்கையோடு பஸ் நிலையத்துக்குள் நுழைந்தோம். மட்டாட்டு வேன் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் தொங்கும் பையன் "பியோ பியோ" என்று, அதாவது சீக்கிரம் சீக்கிரம் என்று, கத்தினான். தலையில் கருவாட்டு மூட்டையோடு ஒரு தடித்த பெண் பின்னாலேயே ஓடினாள். வேன் நிற்கவில்லை. அவள் மூட்டையை ஆட்டிக்கொண்டு அலறினாள்:

"அடோங்! ஐயோ, அடோங்!"

விடுபட்டுட்டேன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் தினமும் கத்துகிற கத்தல்தான். பின்சீட்டிலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் இரண்டு பேரும் சாக்கடையில் கிடந்திருப்போம்.

"நிறுத்துடா! அந்தப் புள்ள பேரச் சொல்லலடா!"

"எந்தப் புள்ளக்கா?"

"அடோங்னுதான் சொல்லியிருக்கு. நான்தான் அடோங்கோன்னு கேட்டேன். விடுபட்டியான்னு நான் கேக்கறதா நெனச்சு அதுவும் தினம் தலையாட்டியிருக்கு. அபியோ எங்கன்னா, சீக்கிரமா போனது எங்கன்னு நெனச்சு பஸ்ஸக் காட்டியிருக்கு. செபுலோன், என் பேரு என் காதுல விழுந்துட்டுதுடா."

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. தேடலின் இரண்டாவது வாரம் பகல் வீட்டுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். நான் வாசலில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். முதுகில் கைக்குழந்தை. தேயிலை பறிக்கும் வேலைக்கு யாலாவிலிருந்து கெரிச்சோ போகும் வழியில், இங்கே பஸ் மாறினாளாம். ஏறச்சொல்லி நெருக்கிய அவசரத்தில், மூத்த மகள் முன்னால் ஏறிவிட்டாள் என்று நினைத்துவிட்டாள். பாதி தூரம் போன பிறகுதான் இல்லையென்று தெரிந்து திரும்பி ஓடிவந்து, அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தாளாம். மகள் போட்டிருந்தது மஞ்சள் கவுன், அவள் பெயர் அவினோ என்றாள். அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அக்கா பதிவேட்டைப் புரட்டினாள். அவினோ என்று ஒரு பெயரும் இல்லை. டீ கொடுத்தாள், கையைப் பிடித்து ஜெபம் செய்தாள், போன் எண்ணை எழுதிக்கொண்டு அனுப்பிவைத்தாள். இனிமேல் அலைய வேண்டாம், தெரிந்தால் தானே சொல்லி அனுப்புகிறேன் என்றும் சொன்னாள்.

அக்கா கம்பத்தை நோக்கி நடந்தாள். குழந்தை முதுகைக் காட்டி நின்றது. பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "அவினோ" என்றாள்.

குழந்தை திரும்பியது. அக்காவைத் தாண்டிப் பார்த்தது, இங்கும் அங்கும் தேடியது. கூப்பிட்டது அம்மாதான் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மறுபடி கம்பத்தைக் கட்டிக்கொண்டது. அக்கா அதைத் தூக்கப் பார்த்தாள். அலறல். அம்மா இறங்கினால் இங்கேதானே இறங்குவாள்? தலைகீழாக நின்றாலும் அந்தப் பிள்ளை அந்த இடத்தைவிட்டு வராது. மண்டாசிக்காரியிடம் குழந்தையை ஒப்படைத்தோம். அந்தப் பெண்ணின் போன் அணைந்து கிடந்தது. அவள் ஊரான யாலாவுக்கு வண்டியைத் திருப்பினேன்.

மழையில் அந்தச் சாலையை நீங்கள் பார்க்க வேண்டும். வேண்டாம், பார்க்க வேண்டாம். அக்கா குடையை விரிக்கவும் இல்லை, குத்தவும் இல்லை. "டீ குடுத்து அனுப்பினேன்டா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஜெபம் வேற பண்ணி அனுப்பினேன்." எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "சும்மா வாங்கக்கா! சாமிகிட்ட அப்புறம் சண்ட போடுங்க. இப்ப என்னய ஓட்ட விடுங்க" என்று கத்திவிட்டேன். ஒன்பது வருடத்தில் அவளிடம் நான் கத்தியது அந்த ஒருமுறைதான்.

யாலா சந்தையில் அந்தப் பெண் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கெரிச்சோவுக்குப் போகவே இல்லையாம். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"ஒன் பொண்ணு இருக்கா. நீ வந்தன்னிக்கும் எங்ககிட்டதான் இருந்தா. நான் பேரத் தப்பா எழுதிட்டு, இல்லேன்னு ஒன்ன அனுப்பிட்டேன்."

அவள் அக்காவைப் பளாரென்று அறைந்தாள். அக்காவின் கம்பளித் தொப்பி பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. சந்தையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அடுப்பை அணைக்கவில்லை, மீனை ஒதுக்கவில்லை. கைக்குழந்தையைப் பக்கத்துக் கடைக்காரி மடியில் போட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறி, "எடு" என்றாள். அக்கா அவள் பின்னால் ஏறினாள். ஒரு குழியில் வண்டி எம்பியபோது, அறைந்த அந்தக் கை பின்னால் போய் அக்கா விழாமல் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்புறமும் அது விடவில்லை.

நாங்கள் வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. குழந்தை கம்பத்தில்தான் இருந்தது. கையில் ஒரு மண்டாசி, கடிக்காமல்.

"அவினோ!"

ஓடிவரும் என்று நினைத்தேன். வரவில்லை. அம்மாவை உற்றுப் பார்த்தது. பிறகு மண்டாசியைக் கீழே எறிந்துவிட்டு நடந்து வந்து, இரண்டு கை முஷ்டியாலும் அவள் வயிற்றில் குத்தியது.

"அடோங்!" என்றது. "அடோங்! அடோங்!"

விக்கல் இல்லை, முணுமுணுப்பு இல்லை. பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும்படி, நீ என்னை விட்டுவிட்டாய் என்று சண்டை போடும் குரல். எந்தக் காதாலும் அதைப் பெயர் என்று தவறாகக் கேட்டிருக்க முடியாது. அந்த அம்மா மண்டியிட்டு அத்தனை குத்தையும் வாங்கிக்கொண்டாள்.

அக்கா நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். தலையில் தொப்பியில்லை, கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. குழந்தை கத்தக் கத்த, அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"நானும் அடோங்தான்டா கண்ணு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் இன்ஜினை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.