இடது முன்பாகம்

மணிமொழிக்கு டேப் வேண்டாம், கண் போதும். இதை ஊரே சொல்லும். ஊர் சொல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு காபிக் கடையின் மாடியில், ஆறு மெஷினும் ஒரு நீள மேஜையும் போட்ட தையல் யூனிட்டில் அவள்தான் கட்டிங் மாஸ்டர். இருபது வருஷமாகக் கத்திரிக்கோல் பிடித்த கை. வெள்ளைக்காரர்கள் பேப்பரில் கோணல்மாணலாகப் பேன்ட் வரைந்து கொண்டுவந்த காலத்திலேயே, அந்தப் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, அவர்களுக்கு எது பொருந்தும் என்று தனக்குத் தோன்றுகிறதோ அதை வெட்டிக் கொடுப்பாள். போட்டுப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். புகழ் இருக்கிறதே, அது லேசில் ஆளை விடாது.

யூனிட்டை நடத்துகிறவள் சுதர்சனா. நயினார் என்கிற சமணக் குடும்பத்துப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெப்சைட் ஆரம்பித்தாள். போனில் திறந்தால் ஒரு ஜாக்கெட் படம் வரும். கழுத்தை விரலால் இழுத்தால் இறங்கும், கையை இழுத்தால் நீளும். இடது முன்பாகம், வலது முன்பாகம், முதுகு என்று ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, அளவு போட்டு, துணியும் நிறமும் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாம். அளவு ஜாக்கெட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு டெய்லர் கடை வாசலில் நிற்கிற வேலை இல்லை.

மணிமொழிக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. "டேப்ப எங்க பிடிக்கணும்னே தெரியாதவங்கல்லாம் டிசைன் பண்றாங்களாம்" என்பாள். அளவு தப்பு என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் திருத்திவிடுவாள். "டவுட்டா இருந்தா ஒரு போன் போட்டு கேளுங்கக்கா, நம்பர் அதுலயே இருக்கு" என்று சுதர்சனா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! திருத்தியது பத்துக்குப் பத்தும் சரியாக அமைந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஆவணி முகூர்த்த நெருக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பெயர் ஜோதியம்மாள். மயில்கழுத்து நிறம், முழங்கை வரை கை, ஏற்றி வைத்த கழுத்து. 'மகள் கல்யாணம், வருகிற மாதம் முதல் ஞாயிறு' என்று குறிப்பு. வலது முன்பாகம் ஒழுங்காக இருந்தது. இடது முன்பாகத்தில் மார்புக்கு வைக்கிற பிடிப்பே இல்லை, பலகை மாதிரி தட்டையாக இருந்தது. போதாக்குறைக்கு அதன் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாக்கெட்.

மணிமொழி ஆர்டரை பிரிண்ட் எடுத்த பேப்பரைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். "ஏ பொன்னி, இங்க பாரேன்! ஜாக்கெட்டுக்கு உள்ள பாக்கெட்டாம். வர்ற மொய்யெல்லாம் உள்ளயே போட்டுக்கிட்டு போயிடலாம்னு பாக்குறாங்க போல!"

யூனிட்டே சிரித்தது. பொன்னி மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தம்மாவுக்கு 'மொய்யம்மா' என்று அங்கேயே பேரும் வைத்தாயிற்று. வைத்தவள் மணிமொழிதான்.

போனில் விரல் வழுக்கியிருக்கும் என்று முடிவு கட்டி, வலது பக்க அளவையே இடது பக்கத்துக்கும் வைத்து வெட்டினாள். பாக்கெட் புடைத்துக்கொண்டு தெரியும், பார்க்க நன்றாக இருக்காது என்று அதை விட்டேவிட்டாள். போன் போட்டுக் கேட்கலாமே என்றால், அதெல்லாம் அவள் பழக்கத்திலேயே கிடையாது. ஜாக்கெட் பார்சலாகிக் கிளம்பிப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, புதன்கிழமை சாயங்காலம், சுதர்சனா ஒரு தாளை நான்காக மடித்து மணிமொழியின் கையில் கொடுத்தாள். ஜாக்கெட் திரும்பி வருகிறது, அதற்கு முன்னால் வெப்சைட்டில் வந்து சேர்ந்த குறிப்பு இது. மணிமொழி ஜன்னலோரம் போய்ப் பிரித்தாள்.

'நான் போட்ட அளவுதான் சரி. ஆபரேஷனில் இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே கேட்டிருந்த பை, மடித்த துணி வைத்துக்கொள்ள. பழைய அளவு ஜாக்கெட் எதுவும் இப்போது ஆகாது. டெய்லரிடம் போய் நிற்க முடியாமல்தான் இதில் போட்டேன். மகள் கல்யாணத்தில் மேடை ஏற வேண்டும். வெட்டுகிறவர் மட்டும் படிக்கவும். தயவு செய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

ஐயோ என்று வந்தது அவளுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் தனியாக நின்று, தானே டேப் பிடித்து, அந்தம்மா எத்தனை தடவை அளந்திருப்பாள்! அதை ஒரு நொடியில் தப்பு என்று அடித்தாயிற்று. பார்சலைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது, இடது பக்கம் வெறுமையாகத் தொங்கியிருக்குமே. அதையும் தனியாக நின்றுதானே பார்த்திருப்பாள். தான் சிரித்தது நினைவுக்கு வந்ததும் மணிமொழிக்கு உடம்பு கூசியது.

சுதர்சனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்களே வெட்டிடுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முழுக்க அந்த ஒரு ஜாக்கெட்டுதான். வெட்டியதும் அவள், தைத்ததும் அவள், பட்டன் வைத்ததும் அவளே. ஜோதியம்மாள் போட்ட அளவில் ஒரு நூல்கூட மாற்றவில்லை. பையை மெல்லிய மல் துணியில் தைத்து, தையல் ஓரம் எதுவும் உடம்பில் உரசாதபடி உள்ளே மடக்கினாள்.

பொன்னி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மொய்யம்மாவுக்கு மறுபடியுமா? மொய் ஜாஸ்தியா வரும் போல, பாக்கெட் பெருசா வேணுமாமா?"

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள்.

"வேலயப் பாருடி!" என்று மணிமொழி கத்திய கத்தலில் ஆறு மெஷினும் நின்றுபோயின. அதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? காரணத்தைச் சொன்னால் அந்தம்மாவுக்கு இன்னொரு துரோகம். சொல்லாவிட்டால் இந்தச் சிரிப்பு நிற்காது. கொளுத்திப் போட்டவள் அவள்தான், அணைக்க மட்டும் வழியில்லை.

கீழ்பென்னாத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் கூரியரில் போட்டால் அது முதலில் வேலூருக்குப் போய், அங்கே தூங்கி எழுந்து, திங்கட்கிழமைதான் வந்து சேரும். கல்யாணம் முடிந்து வாழைமரத்தை அவிழ்த்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு மணிமொழி செஞ்சி பஸ்ஸில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உறவுக்காரப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து தேங்காயும் வெற்றிலைபாக்கும் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஜோதியம்மா வீடுதானுங்களே?" என்று கேட்டதும் உள்ளிருந்து ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. முந்தானையை இழுத்துப் போர்த்தி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடக்கி வைத்திருந்தாள்.

"நான்தான். யாரும்மா நீங்க?"

பத்துத் தலைகள் திரும்பின. நான்தான் உங்கள் ஜாக்கெட்டை வெட்டியவள், எனக்கு எல்லாம் தெரியும் என்று இவர்கள் முன்னால் சொல்வதா? யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே இந்தம்மா போனில் ஆர்டர் போட்டாள்? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும், ரகசியம் தெரிந்த ஒரு முகம் எதிரே நிற்கும். தன் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று அப்போதுதான் மணிமொழிக்கு உறைத்தது.

"கூரியருங்க" என்றாள்.

ஜோதியம்மாள் பார்சலைப் படக்கென்று வாங்கிக்கொண்டாள். "கல்யாண வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போறதா? உக்காருங்க" என்று சொல்லி, ஒரு தொன்னையில் கேசரி வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. மணிமொழி கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்திருந்தாள். பரீட்சை எழுதிய பிள்ளைகூட அப்படிக் காத்திருக்காது.

கதவு திறந்தது. கட்டியிருந்த வாயில் புடவைக்குச் சற்றும் பொருந்தாத மயில்கழுத்து ஜாக்கெட்டோடு ஜோதியம்மாள் வந்தாள். இரண்டு கையையும் வீசி நடந்து வந்தாள். வந்த வேகத்தில் ஒரு தேங்காய்க் கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

"ஏம்மா, போன தடவ அனுப்பிச்சது சரியாவே இல்ல. எவனோ ஆம்பளை தச்சிருப்பான் போல. இது பொம்பளை கை. பாத்தாலே தெரியுது." தோள் தையலைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "தச்சவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு வார்த்த நல்லதா சொல்லணும்."

"எங்களுக்கு பார்சல் மட்டுந்தாங்க தெரியும்" என்றாள் மணிமொழி. பிறகு, கேட்காமலேயே சொன்னாள்: "மொதல்ல தச்சது ஆம்பளையாத்தான் இருக்கும்."

கேசரியை ஒரு வாய்கூட எடுக்காமல் அப்படியே பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் எறிந்துவிடவும் மனம் வரவில்லை.

யூனிட்டுக்கு வந்ததும் பொன்னி அதைப் பார்த்துவிட்டாள். "ஏதுக்கா கேசரி?"

"தெரிஞ்சவங்க வீட்டுக் கல்யாணம்."

பொன்னி அதை ஆறு பங்காக்கி எல்லாருக்கும் கொடுத்தாள். "முந்திரி எவ்ளோ போட்டிருக்காங்க பாருங்க. நல்ல மனசுக்காரங்க போல" என்று விரலை நக்கினாள். "ஆமாக்கா, கேக்க மறந்துட்டேனே. மொய்யம்மா ஜாக்கெட் அனுப்பியாச்சா?"

வாய் நிறையக் கேசரியோடு எல்லாரும் சிரித்தார்கள். மணிமொழி கத்திரிக்கோலை எடுத்தாள். திரும்பவும் கீழே வைத்தாள்.

"அனுப்பியாச்சு" என்றாள்.