தழையாய்ப் போன மல்லாட்டை

சாக்கைப் பிரித்ததும் கிளம்பும் அந்த நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். சர்க்கரைபோல் வெளுத்துக் கிடந்த அந்தச் சீமை உரத்தை எங்கள் ஊரான சாரத்தில் எல்லாரும் "உப்பு" என்றுதான் சொன்னார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சாரம் அப்போது பாதி தெரு, பாதி கொல்லை. மில் வேலைக்குப் போய்வந்த அப்பாவும், வெயிலைவிட்டு நகராத அம்மாவும் ஒரு துண்டுக் கொல்லையை விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு எடுத்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் போட்டுவந்தார்கள். நிலம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு "சொல்தா"வுடையது. இந்த வெள்ளாமை நன்றாக வந்தால் கொல்லை உங்களிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் மனை போட்டு விற்றுவிடுவேன் என்று அவர் சொல்லியனுப்பிய நாளிலிருந்து அம்மாவுக்கு உறக்கமில்லை.

வழக்கமாக மழைக்கு முன்னே ஆட்டுக்கிடை மடக்குவோம், தொழுஉரம் இறைப்போம். அந்த வருஷம் இரண்டும் வேண்டாம், உப்பு மட்டும் போதுமென்றாள் அம்மா. கிடையும் இருக்கட்டும், உப்பும் கொஞ்சம் போடலாம் என்றார் அப்பா.

"நெல்லுக்குப் போட்டா பச்ச புடிக்குது, மல்லாட்டைக்கு மட்டும் புடிக்காதா? நீ மில்லுக்குப் போய்யா."

பூத்தபோது நெற்பயிருக்கு வீசுவதுபோல் உப்பை இன்னொரு தரமும் வீசினாள். செடி கருகருவென்று முழங்காலைத் தொட்டது. வழியில் போகிறவர்கள் நின்று பார்க்க, கண்பட்டுவிடுமென்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

செடி பிடுங்க வரும் பெண்களுக்குப் பிடுங்கிய காயில் ஒரு பங்குதான் கூலி. முதல் சாலிலேயே தெரிந்துவிட்டது: வேரில் ஒன்றிரண்டு காய், அதுவும் பருப்பில்லாத பொக்கு; போட்ட உப்பெல்லாம் தழைக்கே போயிருந்தது. ஒருத்தி செடியை உதறிப் பார்த்து, "தழயத்தான் கூலியா கட்டிக்கினு போவணுமாக்கா? எங்கூட்ல ஆடுகூட இல்லியே" என்றாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. முந்தானையை உதறிக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கரையேறினார்கள். மீதிக் கொல்லையை அம்மா தனியாகவே பிடுங்கினாள்.

அடுத்த மாதம் மனைக்கல் நட்டார்கள். பெரிய மார்க்கெட்டில் மல்லாட்டைக் குவியலைக் கண்டால் அம்மா வேறு வழியாக நடப்பாள். "எங்கையால கெட்டுச்சி" என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

இன்று அங்கே வரிசையாக மாடி வீடுகள்; எங்கள் செடி நின்ற இடம் எந்த வாசலுக்கு அடியில் என்று எனக்கே பிடிபடவில்லை. அம்மாவின் காரியம் முடிந்த அன்று அப்பா தானாகவே சொன்னார்: செடி பூக்கும்போதே சொல்தா நிலத்தை விலைபேசி முன்பணம் வாங்கிவிட்டாராம், மில் வாசலில் நிறுத்தி அப்பாவிடம் சொல்லவும் செய்தாராம். காய் கொத்துக் கொத்தாய்ப் பிடித்திருந்தாலும் கொல்லை போயிருக்கும்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லியிருந்தா, போயி சண்ட போடுன்னு என்னத்தானே தொரத்தியிருப்பா" என்றார்.