ஐந்து கிலோ

கதவின் உட்புறத் தகட்டைக் கழற்றித் தராசில் வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து எண்ணைப் படிக்கிறார். "நானூத்தி இருபது. இது எதுக்கு இங்க குந்திக்கிட்டு இருக்கு? போ வெளிய." தகடு மூலைக்குப் பறக்கிறது. அடுத்தது ஒரு திருகாணி. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அறுத்துவிட்டு மறுபடி நிறுக்கிறார். மூன்று கிராம் மிச்சம். பல்வலி நின்றவர் மாதிரி முகம் தெளிகிறது.

பட்டறையில் இந்த மெக்கானிக்கின் பெயர் 'கிராம்'. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிராம் என்றால் உடனே திரும்புகிறார். சொந்தப் பெயர் சொன்னால் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

அவர் முன்னால் நிற்பது, வாயைப் பிளக்கவைக்கும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், தரையோடு தரையாக உடம்பு. வழவழப்பான சாலைக்கென்றே பிறந்த வண்டி. அதைக் கல்லிலும் மணலிலும் ஆறு நாள் ஓடுகிற பந்தயத்தில் ஜீப்புகளோடு விடவேண்டும் என்பது முதலாளியின் ஆசை; இது இரண்டாவது வருடம். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்போடு மலையேறச் சொல்வதுபோலத்தான்.

அதனால் காரை ஒரு சாண் உயர்த்தி, வயிற்றுக்கு அலுமினியத் தகடு போட்டு, உள்ளே இரும்புக் கூண்டு அடித்து, இரண்டு ஸ்டெப்னி ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியதற்கு ஈடாக எதையாவது இறக்கியாக வேண்டும். தோல் இருக்கை போயிற்று, பாட்டுப் பெட்டி போயிற்று, ஜன்னல் கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது. பெயின்டைச் சுரண்டியதில் மட்டும் ஒன்பது கிலோ. "அழகுக்கு ஒம்போது கிலோ சார்! மனுஷனுக்கே அவ்வளவு கெடையாது." பத்திரிகைக்கு எழுதப் போயிருந்த நான், ஓட்டுநரை முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னாராமே என்று கேட்டேன். "தாடியையும்தான் சொன்னேன், அத யாரும் சொல்றதில்ல" என்றார், சிரிக்காமல்.

மனிதர் இவ்வளவுதான் என்று இரண்டு நாளில் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு எப்போதும் அவசரம்.

பட்டறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருப்பார். போன பந்தயத்தில் இதே காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்து வழி சொன்னவர். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மடியில் ஒரு சின்ன பாட்டில். ஒரு நாளைக்கு அவருக்கு டாக்டர் அனுமதித்த தண்ணீர் அவ்வளவுதான். மூடியில் ஊற்றி, நாக்கை நனைத்து, மறுபடி மூடிவைப்பார். தம்பி அவர் கண்முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. வேர்த்து வழிய பட்டறைக்குப் பின்னால் போவார், வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். சிகரெட் என்று நினைத்தேன். ஒருநாள் பின்னாலேயே போனபோது குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நிமிர்ந்தார். அங்கே நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

ஒருவருக்கு ஐந்து லிட்டர், இருவருக்குப் பத்து லிட்டர் குடிநீர் காரில் இருக்கவேண்டும் என்பது பந்தய விதி. பரிசோதகர்கள் கேனைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார்கள். போன பந்தயத்தின் மூன்றாம் நாள் காலை, பரிசோதனை முடிந்த பிறகு, கிராம் அந்தக் கேனில் பாதியைத் தரையில் கொட்டினார். முன்னால் இருந்த வண்டிக்கும் இவர்களுக்கும் நாற்பது விநாடிதான் வித்தியாசம். "ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ சார். அஞ்சு கிலோ! மாசக்கணக்கா அறுத்தாலும் திருகாணியில அஞ்சு கிலோ வருமா? நாலு மணி நேர ஓட்டம்தானேன்னு நெனச்சுட்டேன்." தண்ணீர் இருக்கிறதா என்று அண்ணன் கேட்டதற்கு, "பத்து லிட்டர் இருக்குண்ணே, நானே ஊத்தி மூடிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

நடுவழியில் ஒரு பாறை வயிற்றுத் தகட்டைக் கிழித்தது. எஞ்சின் ஆயில் முழுக்க மணலில். ரேடியோவும் ஊமையாகிவிட்டது. நிழல் என்றால் கார் நிழல் மட்டும். தேடிப்போனவர்கள் கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. அண்ணன் தன் பங்கிலும் ஓட்டுநருக்குக் கொடுத்திருக்கிறார். ஓட்டுநர் தேறிவிட்டார், அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. பாறை இடித்ததில் கேன் ஒழுகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னவர் அண்ணன்தான். கிராம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிடுங்க சார். நான் சொல்லிக் கேக்கறதவிட, அண்ணன் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருடமாக வாயில் வராததை என் பேனாவில் ஏற்றி அனுப்பப் பார்க்கிறார். "உங்க அண்ணன் பத்தடி தள்ளித்தான் உக்காந்திருக்காரு" என்றேன்.

"பத்தடிதான் சார். கால் வரமாட்டேங்குது."

இந்த முறை வழி சொல்லும் இருக்கையில் உட்காரப்போவது அண்ணனின் மகள். துடியான பெண், கணக்கில் புலி. அப்பாவின் இடத்தைக் கேட்டு வாங்கியவள். அவள் பட்டறைக்குள் வந்தால் கிராமின் கை தராசை விட்டுவிடுகிறது.

கார் லாரியில் ஏறும் நாள். அவள் பட்டியலைப் படிக்க, கிராம் காருக்குள் தலையை விட்டுப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கயிறு?"

"இருக்கு."

"மண்வெட்டி?"

"இருக்கு."

"தண்ணி, சித்தப்பா?"

"பத்து லிட்டர். நானே ஊத்தி மூடிட்டேன்மா."

"போன தடவையும் இதையேதான்டா சொன்னே" என்றார் அண்ணன், நாற்காலியிலிருந்து. கோபமே இல்லாத குரல்.

கிராம் தலையை வெளியே எடுத்தார். "அண்ணே, உங்களுக்கு..."

"கேனைத் தூக்கி உள்ள வெச்சவன் நான்தானே? கைக்குத் தெரியாதா? அந்த நாப்பது செகண்டு எனக்கும்தான் வேண்டியிருந்துச்சு. ஆனா இப்ப போறது என் பொண்ணு."

எழுந்து காருக்கு வந்தார். வாரை அவிழ்த்துக் கேனின் பிடியில் இடது கையைக் கொடுத்தார். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாயை இணைத்துத் தைத்த கை அது. எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அப்பா, அந்தக் கை!" என்று மகள் கத்தினாள். கேன் மேலே எழும்பிவிட்டது.

கிராம் பாய்ந்து வந்து கேனுக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொண்டுபோனார். கேனைத் தொடவில்லை. ஒரு விரற்கடை இடம் விட்டு அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார், அண்ணன் முழு எடையையும் பார்த்து முடிக்கட்டும் என்று.