மஞ்சுளா வீட்டுக் களியும் என் மகளின் பென்சிலும்

இந்த ஊரில் களியை மெல்லக் கூடாது. ஓசூருக்கு வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். மெல்லாமல் விழுங்க அது என்ன மாத்திரையா என்று. இப்போது கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் லைன் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தால், எதிர்வீட்டு வாசற்படியில் என் மகள் தாரணி உட்கார்ந்திருப்பாள். தட்டில் பந்து மாதிரி கேழ்வரகுக் களி, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்த்து ஒரு துண்டு கிள்ளுவாள், குழம்பில் புரட்டுவாள், வாயில் போட்டுத் தலையை லேசாகத் தூக்கி விழுங்குவாள். "மெல்லுனா பல்லுல ஒட்டிக்கும்மா" என்று எனக்கே பாடம் வேறு. சாத்தூர்ப் பக்கத்தில், சோற்றில் குழம்பை விட்டு உள்ளங்கை நனையப் பிசைந்து தின்று வளர்ந்தவள் நான். என் பிள்ளை யாரோ வீட்டுப் பிள்ளை போலத் தெரிவாள். வயிற்றில் ஒன்று எரியும். பசியால் எரிகிற எரிச்சல் இல்லை அது.

எதிர்வீட்டு மஞ்சுளாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஜவளகிரிப் பக்கத்துக்காரி. புருஷனோடு தெலுங்கு, மாமியாரோடு கன்னடம், என்னோடு தமிழ். மூன்றிலும் ஒரே வேகம். நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஷிப்ட் போகிறவர்கள். பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும்போது எங்கள் கதவு பூட்டியிருக்கும், மஞ்சுளா கதவு திறந்திருக்கும். அவ்வளவுதான் ஆரம்பம். "பா புட்டி" என்று, கன்னடத்தில் 'வா குட்டி' என்று, அவள் கூப்பிட்டால் என் மகள் பையைக் கழற்றாமலே ஓடுவாள். எங்கள் ஊரில் புட்டி என்றால் வேறு சாமான். சொல்லிப் பார்த்தேன், யார் கேட்கிறார்கள். கம்பெனியில் என் பக்கத்து நாற்காலி வேப்பனப்பள்ளிக்காரி ஒருநாள் சும்மா சொன்னாள்: "உன் புள்ள உன்கிட்ட தூங்க வருது, அவகிட்ட வளருது." விளையாட்டாகச் சொன்னதுதான். சோற்றில் கிடந்த கல் மாதிரி நாலு நாள் அதையே கடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில்தான் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விட்டார்கள். தாரணி இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. பாட்டு வரும், கணக்கு வரும், வாய் ஓயாது. பென்சிலை மட்டும் முஷ்டிக்குள் வைத்து உலக்கை பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். 'அ' போட்டால் சுழி கிழிந்து பின்பக்கம் வந்துவிடும். "அரையாண்டுக்குள்ள கை வரலைன்னா யூகேஜி பசங்களோடதான் உக்கார வைக்கணும், வேற வழி தெரியல" என்றார் மிஸ். என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

எனக்கு வந்த கோபமும் வெட்கமும் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் செய்கிற வேலையே விரல் வேலைதான். ட்வீசர் பிடித்து, அரிசிக் குருணையைவிடச் சின்னப் பொருளைச் சர்க்யூட் பலகையில் வைப்பேன், கை நடுங்காது. சாத்தூரில் சின்ன வயதில், அம்மா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற நேரம், அணைந்த குச்சியின் கரியால் சிமென்ட் தரையில் என் பெயரை எழுதிக் கற்றவள் நான். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைக்கா எழுத வராது? அவள் கையைப் பிடித்து எழுதிக் காட்டினேன். என் கைக்குள் அவள் கை துவண்டு கிடந்தது. பென்சிலில் மாட்டுகிற ரப்பர் வாங்கினேன். அதைக் கடித்துத் துப்பினாள். "ஏட்டி, விரலை மடக்குடி, நீட்டுடி" என்று கத்தினேன். அழுதாள். அழுதுகொண்டே போன இடம் எதிர்வீடு.

பின்னாலேயே போனேன். சண்டைக்குத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சுளா தாரணி முன்னால் களித் தட்டை வைத்தாள். "சாப்பிடட்டும்கா. அப்றம் திட்டு. மொதல்ல இவளும் பிடிப்பிடியா அள்ளுவா, தெரியுமா? என் மாமியார் சிரிச்சாங்க. அதுலருந்து எப்டி கிள்றா பாரு." பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மற்ற இரண்டும் ஒதுங்கி மடங்கி. ட்வீசருக்கு என் கை எப்படி நிற்குமோ அப்படி. ஒரு பிசிறில்லை. என் வீட்டில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நானே ஊட்டிவிடுவேன். அந்த விரல்களுக்கு என்னிடம் வேலையே இல்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போய் பென்சிலைக் கொடுத்தேன். "களி கிள்ளு" என்றேன். கிள்ளினாள். 'அ' வந்தது. கோணல்தான், ஆனால் தாள் கிழியவில்லை. "அம்மா!" என்று அவள் குதித்தபோது நானும் குதித்திருக்க வேண்டும். எனக்கோ, இதையும் மஞ்சுளாதானா கொடுக்க வேண்டும் என்று இருந்தது. விரல் படிந்த பிறகும் அதிலிருந்து கேழ்வரகு வாசம் போகவில்லை.

அரையாண்டுக்கு முன்னால் மிஸ் பார்த்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும்" என்றார். "வீட்ல நல்லா பழக்கியிருக்கீங்க போல." நான் தலையை ஆட்டினேன். தாரணி விடுவாளா? "எங்க வீட்ல இல்ல மிஸ், எதிர்வீட்ல!"

அன்று சாயங்காலம் விட்டேனா பார் என்று எங்கள் ஊர்க் களியைக் கிண்டினேன். உளுந்தங்களி. ஊரிலிருந்து வந்த கருப்பட்டி, களியின் நடுக்குழி நிறைய நல்லெண்ணெய். மஞ்சுளா முற்றத்தில் நின்று மோந்து பார்த்து, "இன்னாக்கா இது, களின்னு சொல்ற, அல்வா மாதிரி மினுக்குது!" என்று சிரித்தாள். ஒரு கிண்ணம் கொடுத்தேன், கொஞ்சம் நிமிர்ந்தே கொடுத்தேன். தாரணி கிள்ளப் பார்த்தாள், எண்ணெய் வழுக்கியது. "இது கிள்ள வரலம்மா." பிறகு முழுக் கையையும் விட்டு அள்ளி, உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை நக்கித் தின்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த மஞ்சுளா "பா புட்டி" என்றதும், வாயைக்கூடத் துடைக்காமல் அங்கேயும் போய் ஒரு பாதி உருண்டை விழுங்கிவிட்டு வந்தாள்.

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கமிருந்து இங்கே வந்து ஷிப்ட் பார்க்கிற அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்குத்தான் இது புரியும். வீட்டுப்பாடம் எழுதும் முன் கையைக் கழுவிவிடத் தாரணியைக் குழாயடியில் உட்கார வைத்தேன். அந்தச் சின்னக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க நல்லெண்ணெயும் கருப்பட்டியும். விரல் நுனி மூன்றிலும் கேழ்வரகும் அவரைக்கொட்டையும். உள்ளங்கையை மெல்லத்தான் கழுவினேன். அந்த மூன்று விரலையும் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். "வலிக்குதும்மா" என்றாள். நகத்துக்குள் இருந்த பழுப்பு போகவில்லை. அந்த விரல்களாலேயே பென்சிலை எடுத்துக்கொண்டு, என் மடியில் சாய்ந்து எழுத உட்கார்ந்தாள்.