திங்கட்கிழமைச் சோறு

அப்பா வாலிபராக இருந்தபோது எல்லையில் சண்டை. அரிசித் தட்டுப்பாடு, நாட்டுக்காகத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று ரேடியோவில் கேட்டார்கள். நெல் விளைகிற எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலேயே அன்று பல வீடுகளில் அடுப்பு எரியாதாம். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

போன வருஷம் எல்லையில் மறுபடி குண்டு விழுந்ததும், யாரும் கேட்காமலே திங்கட்கிழமைப் பட்டினியை ஆரம்பித்துவிட்டார். எண்பது வயது, சர்க்கரை வேறு. திட்டியும் கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு டிவி செய்தி முன்னால் உட்கார்ந்து, எதிரி ஊர் எரிவதைப் பார்த்துக் கைதட்டினார்.

எரிந்தது நிஜ ஊரே இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எடுத்த படம் என்று மறுநாள் என் மகள் போனில் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடக்கிற மனுஷனுக்குக் காட்டுகிற படமா இது? சேனலுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தால், சாயங்காலம் செய்தி சொல்கிற அதே கோட்டுப் போட்ட ஆள் இன்னொரு ஊரை எரித்துக்கொண்டிருந்தான்.

அப்பா டிவியை அணைத்தார். "அப்ப, அன்னிக்கு ரேடியோல சொன்னதும் இப்படித்தானாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"அது வேறப்பா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ராத்திரி, யாரும் கூப்பிடாமலே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.