திரும்பாத தலை

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது. அச்சடித்த தாள்கள் என் பெட்டியில் இருக்கின்றன.

பர்மாவில், அலோன் பகுதிக் கிடங்கு ஒன்றில் எனக்கு இரவுக் காவல் வேலை. பகலில், பபேடான் பேட்டையில் நான் குடியிருக்கும் அறையில் செப்புத் தகடு செதுக்குவேன். பாதியில் விட்ட ஓவியப் படிப்பில் மிஞ்சியது அதுதான். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியர்கள் அச்சடித்த கிரேக்கப் புராணப் படங்களை நகலெடுப்பேன். அதில் ஒன்று, செத்த மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்து வரும் பாடகன். வாசலைத் தாண்டும்வரை அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிடுகிறான். பின்னால் வந்தவள் போய்விடுகிறாள்.

பஸ் இடித்து என் மனைவி பூர்ணா நினைவில்லாமல் கிடந்த பதினோராம் நாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் படத்தை மாற்றிச் செதுக்கினேன். பாடகனின் தலை நேராக, வாசலைப் பார்த்தபடி. பின்னால் வருபவளுக்குப் பூர்ணாவின் முகம். கீழே அவள் பெயர்.

அவளுடைய அக்கா சித்ராதேவி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினார்.

"பொண்டாட்டி இங்க கெடக்கா. நீங்க செம்பக் கீறிக்கிட்டு இருக்கீங்களா, தம்பி?"

"ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம்னுட்டாங்களே, அக்கா."

"வாசல்லயாவது வந்து உக்காருங்க."

வைத்துவிட்டார்.

மதியம் 3.05. மின்சாரம் போனது. விசிறி நின்றது. தகட்டில் மை தேய்த்துத் துடைத்து, ஈரத்தாளை வைத்து, கை அச்சு உருளையைச் சுற்றினேன். க்ரீச்... க்ரீச்...

அப்போதுதான் உறைத்தது. பெயரை இடவலம் மாற்றிச் செதுக்க மறந்திருந்தேன். முதல் நாள் மாணவன் செய்யும் தப்பு. தாளில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் விழும்.

உரித்தேன்.

பூர்ணா. நேராக இருந்தது.

தகட்டில் வாசல் வலப்புறம். தாளிலும் வலப்புறம். அப்படி நடக்கவே நடக்காது.

3.12. இரண்டாவது தாள். அதில் அவள் ஓரடி முன்னால் வந்திருந்தாள்.

வருகிறாள்... வந்துவிடுவாள்...

மூன்றாவது தாள். க்ரீச்...

கையை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை.

சரக்... சரக்...

எனக்குப் பின்னால். காலை இழுத்து நடக்கும் சத்தம்.

கதவு பூட்டியிருந்தது.

பிடரியில் மூச்சு.

"கோகோ... மெதுவாப் போங்க."

பர்மிய மனைவிகளின் வழக்கத்தில் என்னை அப்படிக் கூப்பிடுபவள் ஒருத்திதான்.

திரும்பினேன்.

யாருமில்லை.

3.17.

இரண்டு நிமிடத்தில் போன்.

"போயிட்டா, தம்பி. மூணு பதினேழுக்கு..."

மூன்றாவது தாளை உரித்தேன். பாடகன் மட்டும் இருந்தான். தலை திரும்பியிருந்தது. தகட்டில் நேராகவே இருந்தது.

காரியம் முடிந்த அன்றுதான் அக்கா மீதியைச் சொன்னார். 3.05க்குப் போர்வைக்குள் பூர்ணாவின் கால்கள் அசைந்தனவாம். மாறி மாறி, நடப்பதுபோல். கண் திறந்தாளாம். சிரித்தாளாம். பிறகு முகம் மாறி, ஒரே ஒரு வார்த்தை.

"'திரும்பிட்டாரே'ன்னா. யாரு தம்பி திரும்பினது?"