பாலத்தில் நிறுத்திவைக்கப்பட்டவள்

மனித குலம் இரண்டே வகை என்பது லிஃப்ட்காரரின் கொள்கை: 'சாம்பல் மகுடம்' மூன்றாம் பாகம் ஆடியவர்கள், ஆடாதவர்கள். இரண்டாம் வகையினரின் கட்டடத்திலும் அவர் லிஃப்ட் பழுது பார்ப்பார். ஆனால் மனம் ஒட்டாது.

'சாம்பல் மகுடம்' கம்ப்யூட்டரில் ஆடும் வீரதீரக் கதை. வாளோடு ஒருவன் புறப்படுவான். காடு, கோட்டை, பூதம் எல்லாம் வரும். வழியில் துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம். லிஃப்ட்காரர் தன் மீசை தானாகவே கறுப்பாக இருந்த காலத்தில் மூன்றாம் பாகத்தை முடித்தார். மீசைக்குச் சாயம் பூசும் காலத்தில் ஆறாம் பாகம் வந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. மொபைல் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன். புதிதாக எது வந்தாலும் அதற்குக் கொடி பிடிப்பவன்.

"மூணாம் பாகத்துல அம்புக்குறி ஏதுடா? வழி தெரியலன்னா நாலு பேர்கிட்ட வாய் விட்டுக் கேக்கணும்."

"நாலு பேரும் ஒரே பதிலைச் சொல்லுவானுங்க மாமா. மூஞ்சியும் செங்கல்லுல கண்ணு வரைஞ்ச மாதிரி. இதுல பாருங்க, மழை பெஞ்சா சட்டை நனையுது!"

"சட்டை நனைஞ்சா கதை நல்லாயிடுமா? துணைக்கு வர்றவங்களைப் பாரு. அந்தக் காலத்துல 'இங்கேயே இரு'ன்னா, இருப்பாங்க. எத்தனை நாள் ஆனாலும். இதுல மூணு நாள் பொறுக்க மாட்டேங்குறான், மூட்டையைக் கட்டிடறான். போற வழியெல்லாம் நம்மளத் திட்டிட்டு வேற போறான்."

"பின்னே? மனுஷன்னா அப்படித்தான்."

"அதுக்குப் பேரு விசுவாசம்டா!"

தையல் மெஷின் நின்றது. வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு மனைவி சொன்னாள்: "விசுவாசமும் இல்ல, வெங்காயமும் இல்ல. அப்படி நிக்கறவளுக்குக் கால் வலிக்கும்னு எழுத மறந்துட்டானுங்க."

இதைச் சொல்ல அவளைவிடத் தகுதியானவர் ஊரில் இல்லை. லிஃப்ட்காரர் மனைவியோடு தெருவில் நடக்கும்போது ஏதாவது ஒரு கட்டடத்திலிருந்து லிஃப்ட் பிரேக் உரசும் சத்தம் கேட்டால் போதும், காது விறைத்துவிடும். "இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன்" என்று உள்ளே போய்விடுவார். அந்த 'இதோ'வை அளக்க உலகில் கடிகாரம் கிடையாது. வங்கி வாசல், ஆஸ்பத்திரி வாசல் என்று அவள் நிற்காத வாசல் இல்லை. ஒருமுறை துணிக்கடை வாசலில் அசையாமல் நின்றவளைப் பொம்மை என்று நினைத்து ஓர் அம்மாள் அவள் தோள்துணியை விரலால் கசக்கிப் பார்த்து விலை கேட்டாள். இவள் திரும்பிப் பார்த்ததும் அந்த அம்மாள் போட்ட கூச்சலை அந்தக் கடைக்காரர் இன்னும் மறக்கவில்லை.

அந்த வாரம் அவள் பேச்சில் சூடு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை கடை ரூமைப் பாக்கப் போறோம். ஓனர் அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பாரு. விட்டா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாரு. அன்னிக்கும் என்னை நிக்க வெச்சீங்கன்னா, நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மாடி வீட்டின் பின்னறையில் பள்ளிச் சீருடை தைத்தே கண் பூத்தவள். சொந்தக் கடை அவளுடைய நெடுநாள் கனவு. நிற்காமல் எங்கே போவாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் துணிச்சல் அவருக்கும் வரவில்லை.

சனிக்கிழமை மச்சான் ஒரு காரியம் செய்தான். "மாமா, உங்க பழைய மூணாம் பாகத்து ஆட்டத்தையே தேடி எடுத்து இந்த ஆறாம் பாகத்துல ஏத்திட்டேன். அப்ப நீங்க செஞ்சதெல்லாம் இதுல தொடரும்." லிஃப்ட்காரர் சும்மா தொட்டுப் பார்க்க உட்கார்ந்தார். மனைவி குடையோடு வந்து நின்றபோது அவருடைய வீரன் நடுக்காட்டில் இருந்தான்.

"கீழ லிஃப்ட் வாசல்ல நில்லு. சேவ் பண்ணிட்டு இதோ வந்துடறேன்."

அவள் குடையோடு கீழே இறங்கிப் போனாள்.

"அதுவே சேவ் ஆயிடும் மாமா. எழுந்திருங்க, அக்கா கொன்னுடும்."

அதெல்லாம் அவர் நம்புவாரா? மூன்றாம் பாகத்தில் சத்திரத்துக்குப் போய்ப் படுத்தால்தான் ஆட்டம் பத்திரமாகும். இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் போச்சு. பழக்க தோஷம், இல்லாத சத்திரத்தைத் தேடி வீரனை நடக்கவிட்டார். வழியில் ஆற்றுப் பாலம் வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. புல் சாய்ந்தது. வீரனின் அங்கி நனைந்து கறுத்தது. பாலத்தின் நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அட்டையில் வெட்டியது போன்ற தோள்கள். கையில் வில். மழை அவள் ஊடாக இறங்கியது. ஒரு நூல்கூட நனையவில்லை.

"இது யாரு மாமா? என் ஆட்டத்துல இந்தப் பாலம் காலியாத்தானே இருந்துச்சு!"

"நீ யாரையும் நிறுத்தலையேடா." லிஃப்ட்காரரின் குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் பாகத்தில், பாலத்துக்குக் காவலாக என்று அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். பூதத்தைக் கொன்றார், மகுடம் சூடினார், கம்ப்யூட்டரை அணைத்தார். திரும்பி வரவே இல்லை.

அவள் திரும்பினாள். செங்கல்லில் வரைந்த அதே கண். வாய் அசையவில்லை, பழைய பாகத்தின் கட்டை எழுத்துகள் மட்டும் வந்தன: 'போகலாமா?'

'வா' என்பதை அழுத்தினார். அவள் கிட்டே வந்தாள், வீரனுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தாள், பாதை தொடங்கும் இடத்தில் நின்றாள். 'இப்போது நீ இரு' என்று எழுத்து விழுந்தது. போய்விட்டாள்.

வீரன் நகரவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு மாமா" என்று மச்சான் எல்லா விசையையும் தட்டினான். ஆனால் மழை பெய்துகொண்டிருந்தது, ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பழுதாகி நின்ற இயந்திரமும் நிற்கச் சொல்லி நின்ற இயந்திரமும் வேறு வேறு என்று லிஃப்ட்காரருக்குத் தெரியாதா? அப்போதுதான் கீழே நிற்பவள் நினைவுக்கு வந்தாள். ஓடினார்.

லிஃப்ட் கதவு திறந்தது. வெளியே மழை. வாசலில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அசைவில்லை.

"போகலாமா?" என்றார்.

திரும்பினாள். நல்ல வேளை, கோபமான, உயிருள்ள முகம்!

"மணி அஞ்சாகப் போகுது. ஓடினாத்தான் ஆளைப் பிடிக்க முடியும். குடையும் ஒண்ணுதான். இப்ப நீங்க இருங்க."

குடை விரிந்தது. போய்விட்டாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். காலை எடுத்து வைக்க நினைத்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. காவலாளி ஸ்டூல் கொண்டுவந்து, "உக்காருங்க சார், சாரல் அடிக்குது" என்றார். மச்சான் வந்து கையைப் பிடித்து இழுத்தான். லிஃப்ட்காரர் நின்றார். பின்னால் லிஃப்ட் கதவு யாரும் தொடாமல் திறந்தது, மூடியது. வேறொரு நாளாயிருந்தால் இந்நேரம் கதவைக் கழற்றியிருப்பார்.

மழை விட்டபின் அவள் வந்தாள். விரலில் கடைச் சாவி ஆடியது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அட ராமா, இன்னுமா நிக்கிறீங்க? கால் வலிக்கலையா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வலிக்கல."

சிரித்துக்கொண்டே சாரலைத் துடைத்துவிட அவர் தோளில் கை வைத்தாள். தரை நனைந்திருந்தது. அவர் செருப்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. சட்டை, இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல், மொடமொடவென்று காய்ந்திருந்தது. சிரிப்பு நின்றது. தோள்துணியை இரண்டு விரலால் பிடித்து, துணிக்கடை வாசலில் அந்த அம்மாள் செய்ததுபோலவே, கசக்கிப் பார்த்தாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "வாங்க, போகலாம்" என்றாள்.

அவர் நகர்ந்தார்.